இக்போ மொழி அழிகிறதா? எங்கே, யாரிடம்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். திருப்பூர் காதர்பேட்டைக்கு ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன், டி-ஷர்ட் வாங்க வரும் நைஜீரியர்களில் பலர் "நாங்கள் இக்போ" என்று சொல்லிக்கொள்கிறார்கள். நைஜீரியா என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வாயில் வருகிறது. யார் இவர்கள்? 2025-க்குள் இவர்கள் மொழி அழிந்துவிடும் என்று யுனெஸ்கோ சொன்னது உண்மையா? பிழைப்புக்காக உலகம் முழுக்கச் சிதறிப் போனதால்தான் மொழிக்கு இந்தக் கதியா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உள்ள அனுமானம் தலைகீழானது. இக்போ தேய்கிறது என்றால், அது வேகமாகத் தேய்வது நைஜீரியாவுக்குள்ளேயே, லாகோஸ், எனுகு நகரங்களில் உள்ள படித்த, வசதியான வீடுகளில். ஹூஸ்டனும் லண்டனும் அதற்குப் பிறகுதான். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: "நாம் எல்லோரும் இக்போ" என்ற எண்ணமே பெரும்பாலும் ஊருக்கு வெளியே பிறந்து ஊருக்குக் கொண்டுவரப்பட்டது.

யுனெஸ்கோ விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். ஆண்டு குறித்து அந்த அமைப்பு இக்போவுக்கு நாள் வைத்ததாக மேடைதோறும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை யாரும் ஆவணத்தை எடுத்துக் காட்டியதில்லை. 2003-இல் யுனெஸ்கோவுக்காக மொழியியலாளர் குழு ஒன்று மொழிகளின் உயிர்ப்பை அளக்க ஒன்பது அளவுகோல்களை வகுத்தது உண்மை. அவற்றில் முதலாவது, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழி போய்ச் சேர்கிறதா என்பது. இக்போ ஆசிரியர்கள் அந்தக் கோலைத் தங்கள் வீட்டுக்கே வைத்துப் பார்த்துப் பதறியதில்தான் இந்த 2025 கிளம்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 2025 வந்தது. இக்போக்களின் ஒனிட்சா நகரச் சந்தையில் பேரம் வழக்கம்போல இக்போவில்தான் நடந்தது.

இனி, யார் இவர்கள். நைஜர் ஆறு கடலை நெருங்கும் இடத்துக்குக் கிழக்கே அபியா, அனம்ப்ரா, எபோன்யி, எனுகு, ஈமோ என்ற ஐந்து மாநிலங்கள் இவர்களுடைய மையம். ஆற்றுக்கு மேற்கே டெல்டா மாநிலத்தில் அசாபா பகுதியிலும், தெற்கே ரிவர்ஸ் மாநிலத்திலும் இக்போ பேச்சு உண்டு. மொத்தம் மூன்று கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. துல்லியமான கணக்கு கிடையாது. நைஜீரியா கடைசியாக 2006-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இனம், மதம் இரண்டையும் கேட்காமலேயே விட்டுவிட்டார்கள். கேட்டிருந்தால் கலவரம் வந்திருக்கும் என்ற பயம்தான் காரணம்.

இந்த நிலத்தில் பெரும்பாலான இடங்களில் அரசன் இருந்ததில்லை. "இக்போவுக்கு அரசன் இல்லை" என்பது அவர்களே பெருமையோடு சொல்லும் பழமொழி. ஒனிட்சாவில் 'ஓபி' என்ற மன்னர் உண்டு. ந்ரி என்ற ஊரில் படையே இல்லாமல் சடங்கு அதிகாரத்தால் மட்டும் மதிக்கப்பட்ட 'எஸே ந்ரி' உண்டு. மற்ற இடங்களில் தந்தைவழிப் பங்காளிகளின் கூட்டம், வயதுக் குழுக்கள், பட்டம் பெற்ற பெரியவர்கள், ஊர்ப் பெண்களின் சபை என்று பல கைகளில் அதிகாரம் பிரிந்து கிடந்தது. அரசன் இல்லை என்றால் நாகரிகம் இல்லை என்று வெள்ளைக்காரர்கள் எண்ணியிருந்தார்கள். 1938-இல் இக்போ-உக்வு என்ற ஊரில் ஒருவர் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது வெண்கலப் பாத்திரங்கள் வந்தன. 1959 முதல் தர்ஸ்டன் ஷா அங்கே அகழாய்வு செய்தார். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, நூல் இழைபோல நுணுக்கமான வார்ப்பு வேலைகளும், லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளும் கிடைத்தன.

அரசன் இல்லாத மக்களை ஆள ஆங்கிலேயர்களுக்குத் தெரியவில்லை. கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து ஆளுக்கொரு ஊருக்குத் 'தலைவரை' அவர்களே உண்டாக்கினார்கள். 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் அப்படியொரு தலைவரின் ஆள் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனான். எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண்ணிடம், வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு என்று கேட்டான். "உன் தாயை யாராவது எண்ணினார்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். எண்ணுவது வரி போடுவதற்கு என்று பெண்களுக்குத் தெரியும். பனை ஓலைக் குருத்து கைமாறிச் சேதி பரவியது; ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்து வசைப்பாட்டுப் பாடினார்கள். ஊர்ப் பெண்கள் தவறு செய்த ஆணைத் தண்டிக்கும் பழைய முறை அது. படை சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஆங்கிலேயர் இதைக் 'கலகம்' என்று எழுதினார்கள். ஊரார் இன்றும் 'பெண்கள் போர்' என்கிறார்கள்.

கவனித்தீர்களானால், இதுவரை சொன்ன எல்லாமே ஊர்களைப் பற்றியது. ஒலோகோக்காரர், ஒனிட்சாக்காரர், ந்ரிக்காரர். ஒனிட்சாக்காரர்கள் 'இக்போ' என்ற சொல்லை ஒரு காலத்தில் மேட்டு நிலத்து மற்றவர்களைக் குறிக்கவே பயன்படுத்தினார்கள், கொஞ்சம் ஏளனத்தோடு. பிறகு எல்லோரும் அந்தப் பெயரை எப்படி ஏற்றார்கள்?

பதில் அடிமை வணிகத்தில் தொடங்குகிறது. போன்னி, கலபார் துறைமுகங்கள் இருக்கும் பியாஃப்ரா விரிகுடாவிலிருந்து மட்டும் சுமார் 15 லட்சம் பேர் அட்லாண்டிக்கைக் கடந்து விற்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கு இக்போ பேசியவர்கள். 1803-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து செயின்ட் சைமன்ஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு குழு, கப்பலைக் கைப்பற்றிவிட்டு, அடிமையாக வாழ்வதைவிடச் சாவது மேல் என்று ஓடையின் நீருக்குள் இறங்கியது. அந்த இடத்துக்கு இன்றும் இக்போ பெயர்தான். அதற்கு முன்பே, 1789-இல், லண்டனில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாவ்டா எக்குவியானோ தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டபோது தன்னை அந்த நாட்டவன் என்று அச்சில் சொல்லிக்கொண்டார். அவர் தென் கரோலினாவில் பிறந்தவராக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் ஒருவர் ஞானஸ்நானப் பதிவைக் காட்டி வாதிட்டார். அந்தச் சண்டை தீரவில்லை. என் வாதத்துக்கு அது முக்கியமும் இல்லை. லண்டனில் இருந்துகொண்டு அந்தப் பெயரை ஒருவர் விரும்பி எடுத்துக்கொண்டார் என்பதே போதும்.

சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரம் இன்னும் தெளிவான சாட்சி. அடிமைக் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை மடக்கி, மீட்டவர்களைச் சியரா லியோனில் இறக்கிவிட்டது. அங்கே மொழிகளைத் திரட்டிய ஜெர்மானிய மதபோதகர் கோல்லெ 1854-இல் ஒரு குறிப்பு எழுதினார். இக்போ என்று அழைக்கப்பட்டவர்களில் சிலரிடம் விசாரித்தபோது, சியரா லியோனுக்கு வரும்வரை அந்தப் பெயரையே கேட்டதில்லை என்று அவர்கள் சொன்னார்களாம். ஊரில் ஆளுக்கொரு ஊர்ப்பெயர் வைத்திருந்தவர்கள் அந்நிய மண்ணில்தான் ஒரே கூட்டமானார்கள்.

மொழிக்கும் அதே கதை நடந்தது. ஷோன் என்ற இன்னொரு மதபோதகர் ஃப்ரீடவுனில் மீட்கப்பட்டவர்களிடம் இக்போ கற்றுக்கொண்டு 1841-இல் நைஜர் ஆற்றுப் பயணத்தில் சேர்ந்தார். அபோ என்ற ஊரின் மன்னர் முன் தான் தயாரித்ததை வாசித்தார். மன்னருக்குச் சலிப்புத் தட்டியது, பேச்சு எடுபடவில்லை. ஷோன் மனம் நொந்து வடக்கத்தி ஹவுசா மொழி பக்கம் போய்விட்டார். 1857-இல் முதல் இக்போ அரிச்சுவடி வந்தது. அதைத் தயாரித்த சாமுவேல் க்ரௌத்தர் இக்போ இல்லை, யொரூபா என்ற வேறு இனத்தவர். அவருக்கு உதவிய சைமன் ஜோனாஸ் ஃப்ரீடவுனில் வாழ்ந்த இக்போ. அதே ஆண்டு ஒனிட்சாவில் முதல் மிஷனைத் தொடங்கியவர் ஜான் கிறிஸ்டோபர் டெய்லர், மீட்கப்பட்ட இக்போ பெற்றோருக்குச் சியரா லியோனில் பிறந்தவர். அவர்கள் கொண்டுவந்த 'இசுவாமா இக்போ' பல வட்டாரங்களிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள் கூடிப் பேசிய கலவை மொழி. ஊரில் எவருடைய வாய்மொழியும் அது இல்லை.

அதைக் கைவிட்டார்கள். ஒனிட்சாப் பேச்சை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு பாதிரியார் டென்னிஸ் ஐந்து வட்டாரங்களைக் கலந்து 'யூனியன் இக்போ' என்று ஒன்றைச் செய்து 1913-இல் முழு பைபிளை அச்சிட்டார். அதன் பின் எழுத்துச் சண்டை. புராட்டஸ்டண்டுகள் பழைய எழுத்துமுறை, அரசும் கத்தோலிக்கர்களும் புதிய எழுத்துமுறை என்று 1929 முதல் 1961 வரை முப்பது ஆண்டுக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஊரில் இரண்டு பள்ளிகளில் படித்த இரண்டு பிள்ளைகள் தாய்மொழியை இரண்டு விதமாக எழுதினார்கள். 1961-இல் ஒன்வு குழு 36 எழுத்துகளில் விவகாரத்தை முடித்தது. அதற்குள் ஒரு தலைமுறை ஆங்கிலத்தில் எழுதுவதே தொல்லை இல்லாதது என்ற முடிவுக்கு வந்துவிட்டது. இன்றைய மொழிச் சிக்கலுக்குப் புலம்பெயர்ந்தவர்களைக் கை காட்டுகிறவர்கள் இந்த முப்பது ஆண்டுகளைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

இக்போ நாவலாசிரியர் சினுவா அச்செபேக்கு யூனியன் இக்போ மீது தீராத கோபம் இருந்தது. மொழியின் இசையைக் கொன்றுவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1999-இல் ஓவெரி நகரத்தில் இக்போவிலேயே பேச அழைத்தபோது, பொது இக்போவை ஒதுக்கிவிட்டுத் தன் வட்டார வழக்கில் பேசினார். அரங்கில் இருந்த மொழியறிஞர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் உண்டு; தொனி மாறினால் பொருள் மாறும் மொழியில் கலவை வழக்கு காதுக்கு உறுத்தும். ஆனால் பாடப்புத்தகம் எழுத வேண்டியவன் பக்கமும் நியாயம் உண்டு. உலகப் புகழ் பெற்ற ஆங்கில நாவலாசிரியர் பொது எழுத்துமுறையைக் கேலி செய்வது எளிது; தேர்வுத்தாள் திருத்துகிற ஆசிரியருக்கு ஏதாவது ஒரு முறை வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் ரயில் பாதையும் குமாஸ்தா வேலையும் இக்போக்களை நைஜீரியா முழுக்கக் கொண்டுபோயின. கானோ, ஜோஸ், லாகோஸ் என்று போன இடமெல்லாம் முதலில் ஊர்ச் சங்கம் வைத்தார்கள். பிறகு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 1936-இல் லாகோஸில் இக்போ யூனியன் ஆயின. வடக்கில் 1966-இல் இக்போக்கள் மீது நடந்த படுகொலைகள் மீதி வேலையை முடித்தன. கொல்ல வந்தவர்கள் நீ எந்த ஊர், எந்த வட்டார வழக்கு என்று கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் லாரியிலும் ரயிலிலும் கிழக்கே ஓடிவந்தார்கள். 1967 மே 30-இல் கிழக்கு மண்டலத்தின் ராணுவ ஆளுநர் ஓஜுக்வு அதை பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்தார்; நைஜீரியா போர் தொடுத்தது. 1970 ஜனவரி 15-இல் போர் முடிந்தபோது செத்தவர்கள் பத்து லட்சம் என்பாரும் உண்டு, முப்பது லட்சம் என்பாரும் உண்டு. பெரும்பகுதி முற்றுகைப் பட்டினியில் மடிந்த குழந்தைகள். பியாஃப்ராவுக்குள் சேராத, ஆற்றுக்கு மேற்கிலிருந்த அசாபாவில் 1967 அக்டோபரில் நைஜீரியப் படையை வரவேற்க வெள்ளை உடுத்தி வந்த ஆண்களைத் தனியாகப் பிரித்து நூற்றுக்கணக்கில் சுட்டார்கள்.

"வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை" என்று நைஜீரிய ஆட்சித் தலைவர் ஜெனரல் கோவோன் அறிவித்தார். வங்கிக்குப் போனவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது. போர்க்காலத்தில் பியாஃப்ரா நாணயத்தில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு, எவ்வளவு போட்டிருந்தாலும் சரி, கையில் கிடைத்தது 20 பவுண்டு. போர்ட் ஹார்கோர்ட்டில் விட்டுவந்த வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' ஆகிப் போயின. 1972-இல் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்கள் வாங்கலாம் என்று சட்டம் வந்தபோது வாங்கப் பணமில்லாமல் நின்றவர்கள் இவர்களே.

உங்கள் காதர்பேட்டைக்காரரைப் புரிந்துகொள்ள இந்த 20 பவுண்டு முக்கியம். வங்கிக் கடன் கிடைக்காத மக்கள் மூலதனத்தை எப்படி உண்டாக்கினார்கள்? 'இக்பா போயி' என்று ஒரு முறை. ஊரிலிருந்து பதின்ம வயதுப் பையன் ஒருவனை, பெரும்பாலும் உறவுக்காரன் அல்லது ஊர்க்காரன், வியாபாரியிடம் கொண்டுவந்து விடுவார்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டு சம்பளம் கிடையாது. சோறும் இருப்பிடமும் 'ஓகா' எனப்படும் அந்த முதலாளியின் பொறுப்பு. பையன் கடையைக் கூட்டுவான், மூட்டை தூக்குவான், பிறகு சரக்கு பார்ப்பான், பேரம் பேசுவான், கடைசியில் தனியாகக் கொள்முதலுக்குப் போவான். காலம் முடிந்ததும் பெரியவர்கள் முன்னிலையில் ஓகா அவனைத் தனிக்கடை வைத்து நிறுத்த வேண்டும்: பணமோ, சரக்கோ, கடை அட்வான்ஸோ. அதை 'செட்டில்மென்ட்' என்றே சொல்கிறார்கள். இப்படிக் கிளம்பியவன் ஒரு சில ஆண்டில் தானே இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வான். லாகோஸில் மின்சாதனத்துக்கு அலாபா, வண்டி உதிரிபாகத்துக்கு லடிபோ, செருப்புக்கும் துணிக்கும் அபா நகரத்தின் அரியாரியா, எல்லாம் இப்படிக் கிளை விட்ட சந்தைகள். நெவி என்ற ஊரில் உதிரிபாக வியாபாரத்தோடு நிற்காமல் கார் தொழிற்சாலையே வந்துவிட்டது.

இந்த முறையைப் புகழ்ந்து எழுதுவது இப்போது மேலாண்மைப் பேராசிரியர்களிடையே பழக்கமாகியிருக்கிறது. கசப்பான பக்கமும் உண்டு. ஏழாவது ஆண்டில் திருட்டுப் பட்டம் கட்டிச் செட்டில்மென்ட் கொடுக்காமல் துரத்துகிற ஓகாக்கள் உண்டு. படிப்பை விட்டுவிட்டு வந்த பையனுக்கு நீதிமன்றம் போக ஒரு காகிதம்கூடக் கையில் இருக்காது. அப்போது ஊர்ப் பெரியவர்கள்தான் வழக்கு மன்றம். அதனால்தான் குவாங்சோவில் இருந்தாலும் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தாலும் இக்போ வியாபாரி ஊரோடு உறவை முறிக்க மாட்டான். சொந்தம், கடன், நியாயம் எல்லாம் அங்கே இருக்கிறது.

ஊர்ப் பற்று என்பது இங்கே வெறும் பாசம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். வெளிநாட்டில் எவ்வளவு சம்பாதித்தாலும் ஊரில் வீடு கட்டாதவனைப் பங்காளிகள் மதிப்பதில்லை. பத்து அறை வீட்டைக் கட்டிப் பூட்டி வைத்துக் கிறிஸ்துமஸ் இரண்டு வாரம் மட்டும் திறப்பார்கள். செத்தால் உடல் ஊருக்கு வர வேண்டும், அவன் வீட்டு வளாகத்திலேயே புதைக்க வேண்டும். டெக்சாஸில் இறந்தவருக்கு ஊர்ச் சங்கம் வசூல் செய்து விமானத்தில் அனுப்பும். சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைத்துவிட்டு இறந்தால் அடக்கத்துக்கு முன் மகன் பாக்கியைக் கட்ட வேண்டும். ஆகஸ்டில் பெண்கள் முறை: லாகோஸ், கானோ, அமெரிக்கா என்று எங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாலும் கணவனின் ஊருக்கு வந்து கூட்டம் போட்டு, மகப்பேறு மனைக்குக் கூரை, குழாய்க்கிணறு என்று தீர்மானம் போடுவார்கள். அரசு செய்யாததைச் செய்து கொடுத்த கூட்டங்கள் இவை. புடவைப் போட்டியாக முடிந்த கூட்டங்களும் உண்டு.

புடவை என்றதும் ஒன்று. அந்த விழாக்களில் வசதியான இக்போப் பெண்கள் இடுப்பில் சுற்றும் கனமான, வேலைப்பாடு மிகுந்த துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை வழியாகக் கப்பலேறிய துணி என்பதால் வந்த பெயர். மணமகளின் தாய் அதை உடுத்தவில்லை என்றால் கல்யாணம் களைகட்டாது.

இனி மொழி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். லண்டனில் ஓர் இக்போ சங்கக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்பீக்கர். வெற்றிலை பாக்கைப்போல மென்று தின்னும் கோலா கொட்டை வராமல் எதுவும் தொடங்காது. தட்டில் கொட்டையும், பக்கத்தில் காரமான கடலை விழுதும் வைத்துச் சங்கத் தலைவர் தன் பக்கத்து ஆளிடம் காட்டுவார்; அவர் தொட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். எந்த ஊரார் எந்த ஊராருக்கு முன் பார்க்க வேண்டும் என்று வரிசை உண்டு. அதில் பிசகினால் அரைமணி நேரம் சண்டை நடக்கும், நடக்கத்தான் செய்கிறது. சுற்றிவந்த தட்டு மறுபடி தலைவரிடம் வரும். அங்கிருக்கிறவர்களில் மூத்தவர் ஒரு கொட்டையைக் கையில் எடுத்துப் பிரார்த்தனை செய்வார். கட்டாயம் இக்போவில். "கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது" என்பது சட்டம். ஐம்பது ஆண்டு லண்டனில் வாழ்ந்த வழக்கறிஞராக இருந்தாலும் சரி, ஊர்க் கிழவரைப்போல "பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும்" என்று தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் ஆமென் சொல்வதுபோல "இசே!" என்று முழங்கும். இளையவன் ஒருவன் கொட்டையைப் பிளப்பான். நான்கு பருப்பு இருந்தால், இக்போ வாரத்தின் நான்கு சந்தை நாட்களின் எண்ணிக்கை என்று மகிழ்வார்கள். இரண்டே பருப்பாகப் பிளக்கும் வடக்கத்திக் கோலாவைச் சடங்குக்கு ஏற்க மாட்டார்கள். பெண்கள் கோலாவைப் பிளப்பதில்லை. லண்டனில் மருத்துவராகவும் நீதிபதியாகவும் இருக்கும் பெண்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால் நேரடியாகவே சொல்வார்கள்.

பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பிரார்த்தனையில் பாதி புரியாது. ஆனால் "இசே" சொல்ல வேண்டிய இடம் தெரியும். புலம்பெயர்ந்த இரண்டாம் தலைமுறையின் மொழி அறிவு பெரும்பாலும் இந்த அளவில்தான் நிற்கிறது: வணக்கம், திட்டு, சாப்பாட்டுப் பெயர்கள், தேவாலயப் பாட்டு, தன் பெயரின் அர்த்தம். பெயர் மட்டும் போகவில்லை. ஒகாஃபோர், ஒகோன்க்வோ, ஒகெகெ, ஒகோரியே என்ற குடும்பப்பெயர்கள் அஃபோ, ந்க்வோ, எகே, ஓரியே என்ற நான்கு சந்தை நாட்களில் பிறந்த முன்னோரிடமிருந்து வந்தவை. "என் வீட்டு வாசல் அடையாதிருக்கட்டும்" என்று பொருள்படும் ஒபியெசினா போன்ற பெயரை அமெரிக்காவில் பிறந்த பேரனுக்குத் தேடி வைக்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பு, இக்போ திருப்பலி, இணையவழிப் பாடம் எல்லாம் நடக்கின்றன. இவற்றால் சரளமாகப் பேசும் பிள்ளைகள் உருவாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெற்றோர் குறைந்தபட்சம் இழப்பு என்று ஒன்று நடப்பதை உணர்ந்திருக்கிறார்கள்.

எனுகுவில் உள்ள தனியார் பள்ளியில் அந்த உணர்வு இல்லை. நைஜீரியாவில் பல பள்ளிகளில் தாய்மொழிக்குப் பெயர் 'வெர்னாகுலர்'. வகுப்பில் பேசினால் அபராதம், இல்லையென்றால் பிரம்பு. அதைக் கட்டணம் கட்டிப் பெற்றோர் வாங்குகிறார்கள். வீட்டிலும் அப்பா அம்மாவுக்குள் இக்போ, பிள்ளையிடம் ஆங்கிலம். வேலைக்காரச் சிறுமியோடு சேர்ந்து இக்போ பேசிவிடக் கூடாதே என்று அவளுக்கும் உடைந்த ஆங்கிலம் கற்றுக்கொடுத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். கிராமத்துப் பாட்டி வந்தால் பேரனுக்கும் அவளுக்கும் நடுவே அம்மா மொழிபெயர்ப்பாளர். இத்தனைக்கும் பாட்டியின் ஊர் இரண்டு மணி நேரப் பஸ் தூரம். யொரூபாக்களும் ஹவுசாக்களும் தங்கள் மொழியில் பத்திரிகை, படம் என்று நடத்தும்போது இக்போக்கள் மட்டும் ஏன் இப்படி என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். தோற்ற போருக்குப் பிறகு பிழைக்கும் வழி நாடு முழுக்கச் செல்லும் மொழியில்தான் என்று கணக்குப் போட்டார்கள் என்பது ஒரு காரணம். வியாபாரிக்கு வாடிக்கையாளரின் மொழிதான் மொழி என்பது இன்னொன்று. 1992-இல் நைஜீரிய வீடியோப் பட அலையைத் தொடங்கிவைத்த படம் இக்போவில் எடுக்கப்பட்டது. அது ஓடியதும் இக்போத் தயாரிப்பாளர்களே பெரிய சந்தைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள்.

அரசை நம்பவும் வழியில்லை. தொடக்கப்பள்ளியில் தாய்மொழி வழிக் கல்வி என்று 1977 முதல் கொள்கை இருந்தது, நடைமுறை இல்லை. 2022-இல் ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வியும் தாய்மொழியில் என்று புதிய கொள்கை அறிவித்தார்கள். 2025 நவம்பரில் அதை ரத்து செய்து ஆங்கிலத்துக்கே திரும்பினார்கள். நல்ல சேதிகளும் சில உண்டு. பிபிசி 2018-இல் இக்போச் சேவையைத் தொடங்கியது. போன் விசைப்பலகையில் புள்ளி வைத்த எழுத்துகள் வந்துவிட்டன; இளைஞர்கள் பலர் புள்ளி வைக்காமல்தான் தட்டுகிறார்கள் என்றாலும் தட்டுகிறார்கள்.

அடையாளம் என்று பேசினால் உள்ளே இருக்கும் கோடுகளையும் சொல்ல வேண்டும். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்த 'ஓசு' மக்களைத் தள்ளிவைப்பதைக் கிழக்கு மண்டல அரசு 1956-லேயே சட்டத்தால் தடை செய்தது. இன்றும் பெண் பார்க்கும்போது நடக்கும் ரகசிய விசாரணையில் அது முதல் கேள்வி. ஹூஸ்டனில் பிறந்து ஹூஸ்டனில் காதலித்த இருவருக்காக இரண்டு ஊர்களில் தாத்தா வழியை விசாரித்துக் கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறார்கள். மொழி தெரியாத தலைமுறைக்கும் இது மட்டும் தவறாமல் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு ஆத்திரமூட்டும் விஷயம். தந்தை சொத்தில் மகளுக்குப் பங்கில்லை என்ற வழக்கத்தை நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014-இல் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனோடு மோதத் துணிகிற பெண்கள் இன்னும் குறைவு.

வெளி எல்லையிலும் தகராறு. ரிவர்ஸ் மாநிலத்தின் இக்வெரெ மக்கள் பேசுவதை மொழியியலாளர்கள் இக்போக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். போருக்குப் பிறகு அவர்களில் பலர் "நாங்கள் இக்போ இல்லை" என்று ஊர்ப்பெயர்களின் எழுத்தைக்கூட மாற்றிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், நாங்கள் இஸ்ரேலிலிருந்து வந்தவர்கள் என்று தீவிரமாக நம்பும் இக்போக்கள் உண்டு. விருத்தசேதனம் போன்ற ஒற்றுமைகளை வைத்து மதபோதகர்கள் காலத்திலேயே கிளம்பிய கருத்து அது. சான்று என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கொல்லப்பட்டுச் சிதறிய மக்களுக்கு அந்தக் கதை ஏன் பிடித்துப்போகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

பியாஃப்ரா கோரிக்கை மறுபடி எழுந்ததும் லண்டனிலிருந்துதான், ஒரு வானொலி வழியாக. அதை நடத்திய ந்னாம்டி கானு 2021-இல் கைதானதும் அவர் இயக்கம் திங்கட்கிழமைகளில் தென்கிழக்கு முழுவதும் கடையடைப்பு என்று அறிவித்தது. பிறகு இயக்கமே வாபஸ் வாங்கியும் துப்பாக்கி பயத்தில் பல ஆண்டு சந்தைகள் திங்கட்கிழமை திறக்கவில்லை. விலை கொடுத்தவர்கள் ஒனிட்சாவிலும் அபாவிலும் அன்றாடம் விற்றுப் பிழைப்பவர்கள். வெளிநாட்டிலிருந்து கோஷம் போட்டவர்களுக்குச் சம்பளம் தடையில்லாமல் வந்தது. புலம்பெயர்ந்தோர் மீது எனக்குக் குறை உண்டென்றால் மொழிக்காக இல்லை, இதற்காக.

காதர்பேட்டையில் அடுத்த முறை பேசும்போது "கெது" என்று கேளுங்கள், நலமா என்று பொருள். பிறகு எந்த ஊர் என்று கேளுங்கள்; அனம்ப்ரா என்றால் விடாமல், அனம்ப்ராவில் எந்த ஊர் என்று கேளுங்கள். பியாஃப்ராவை நீங்களாக எடுக்க வேண்டாம், பழகினால் அவரே எடுப்பார். யாரிடம் தொழில் கற்றார், எத்தனை ஆண்டு இருந்தார், ஓகா ஒழுங்காகச் செட்டில்மென்ட் கொடுத்தாரா என்று கேட்டால் ஒரு டீ போதாது. அவர் பிள்ளைகள் இக்போ பேசுவார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் லாகோஸில் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் இருக்கும்.